வெறும் வயிற்றில் நான்கு டயர்கள்

"இனிமேல் தினமும் காலையில் நடக்கப் போகிறேன்" என்று பிசிக்ஸ் சார் சபதம் செய்தபோது சோபாவில் மல்லாந்து படுத்திருந்தார். பெரிய சபதங்களைப் படுத்துக்கொண்டு செய்வதுதான் அவருக்கு வசதி.

சபதத்துக்குக் காரணம் சர்க்கரை. அவர் ரத்தத்தை எடுத்தவள், அளவு பார்த்தவள், பார்த்த அளவை வீட்டில் வந்து சொன்னவள் எல்லாம் ஒருத்தியே. அவர் மனைவி. பெரிய சாலையில் இருக்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு வேலை. சுற்றுவட்டாரத்தில் அவளிடம் கை நீட்டாதவர்கள் குறைவு. 'லேப் அக்கா' வருகிறாள் என்றால் குழந்தைகள் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளும்.

"நடக்கலைன்னா?" என்றாள்.

"நான் சொன்னா நடப்பேன்."

"தெரியும். நடக்காத அன்னைக்கு என்ன?"

"நடக்காத அன்னைக்கு கார் சாவி உன்கிட்ட. போதுமா?"

ஊசி குத்தும் முன் பேசுகிற அந்த மெத்தென்ற குரலில் அவள் சொன்னாள்: "போதுங்க."

கார் சாவி சாதாரணப் பொருள் அல்ல. அவளுக்கு டிரைவிங் லைசென்ஸ் உண்டு. அதிலிருக்கும் புகைப்படத்தில் அவளுக்கு ஒரு நரைகூடக் கிடையாது. அன்றிலிருந்து இன்றுவரை அவள் சாவி கேட்கும்போதெல்லாம் சார் ஒரே பதில்தான் சொல்வார்: "கிளட்ச் தேஞ்சிடும்மா." அவள் ஸ்கூட்டரில் போவாள். கிளட்ச் தேயாமல் இருந்தது. அவள் பொறுமைதான் தேய்ந்துகொண்டிருந்தது.

முதல் நாள் சார் நிஜமாகவே நடந்தார். இரண்டாம் நாளும் நடந்தார், முழங்காலைத் திட்டிக்கொண்டே. மூன்றாம் நாள் தூறல். நனைந்து ஜலதோஷம் பிடித்தால் நான்காம் நாள் நடக்க முடியாதே என்ற பொறுப்புணர்ச்சியில், ஆணியில் தொங்கும் சாவியைத் தொடாமல், மாற்றுச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு காரில் கிளம்பினார். கார் பாலத்தைத் தாண்டி ஒரு பேக்கரி வாசலில் தானாக நின்றது என்று அவர் இன்றும் நம்புகிறார்.

விடிவதற்குள் திறக்கிற பேக்கரி அது ஒன்றுதான். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறங்கிய பன்னைப் பிளந்து, உள்ளே கிரீமைத் தடவி, ஆவி பறக்கக் கொடுத்தார் முதலாளி. அவர் வயிறு கல்லாப்பெட்டிக்கு முன்னால் தனியாக ஒரு மேஜை போலிருந்தது.

"என்ன சார், வாக்கிங்கா?"

"வாக்கிங்தான். யாராவது கேட்டா நான் நடந்துதான் வந்தேன்னு சொல்லணும். என்ன?"

"வண்டியா? நான் வண்டியையே பார்க்கலையே சார்" என்று முதலாளி கண்ணைச் சிமிட்டினார். நல்ல மாணவர்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. அவர்கள் குடியிருந்தது மூன்றாவது மாடியில். கார் நிற்பதோ கட்டடத்துக்கு அடியில் வெயில் படாத பார்க்கிங்கில். போவதும் தெரியாது, வருவதும் தெரியாது. திரும்பி வந்து நிறுத்தியதும் பாட்டில் தண்ணீரை நெற்றியிலும் சட்டை முதுகிலும் தெளித்துக்கொள்வார். அக்குளில் கொஞ்சம் கூடுதலாக. வேர்வை எங்கே எவ்வளவு வரும் என்பதில் அவர் விஞ்ஞானத்துக்குத் துரோகம் செய்யவில்லை.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அவருடைய அறிவு குறுக்கே வரும்வரை.

பள்ளியில் உடன் வேலை பார்க்கும் ஒருவருடைய கார் டயர் நெடுஞ்சாலையில் வெடித்துவிட்டது. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆசிரியர் அறையில் அதே பேச்சு. சாருக்குப் பொறுக்கவில்லை. மாலையே அளவு காட்டும் மீட்டர் வைத்த கால் பம்பு ஒன்றை வாங்கி வந்தார். சாப்பாட்டு மேஜையில் தட்டை நிமிர்த்திப் பிடித்து, அதுதான் டயர் என்று மனைவிக்குப் பாடம் எடுத்தார். பள்ளத்தில் நாணயத்தைச் செருகித் தேய்மானம் பார்ப்பது, இடுக்கில் சிக்கிய கல்லைக் குத்தி எடுப்பது, காற்றளவு பார்ப்பது எல்லாம் வந்தது.

"டிரைவர் கதவைத் திறந்தா ஓரத்துல ஒரு ஸ்டிக்கர் இருக்கும். நம்ம வண்டிக்கு முப்பத்திரண்டு. கம்மியா இருந்தா டயர் நசுங்கி ஓடி உள்ளுக்குள்ளயே வெந்துபோகும். அதான் வெடிக்குது."

"யாருங்க பார்க்கிறது?"

"தியரி நான். பிராக்டிகல் நீ." குனிந்தால் அவருக்கு வயிறு மடங்கி மூச்சு முட்டும். "நீதான் மீட்டர் பார்க்கிறதுல கெட்டிக்காரி. காலையில ஸ்கூட்டர் எடுக்கப் போறப்ப ஒரு தடவை பார்த்துட்டுப் போ. ஆனா ஒண்ணு. டயர் ஆறியிருக்கும்போதுதான் பார்க்கணும். ஓடி வந்த டயர்ல காத்து சூடாகி விரியும். அளவு கூடக் காட்டும்."

"அதாவது, வெறும் வயித்துல பார்க்கணும்."

"என்னது?"

"இட்டுக்கட்டிச் சொல்லலைங்க. சாப்பிட்டுட்டு வந்து கையை நீட்டினா சர்க்கரை கூடத்தானே காட்டும்? அதான், டயரும் வெறும் வயித்துல இருக்கணும்."

சார் பூரித்துப்போனார். இத்தனை வருஷத்தில் அவர் சொன்னதை முதல் தடவையிலேயே புரிந்துகொண்ட மாணவர் ஒருவர்கூடக் கிடையாது. தன் கழுத்துக்குத் தானே அளவு கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று அந்தப் பூரிப்பில் அவருக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை கீழே போனவள் ஃபோன் செய்தாள்.

"என்னங்க, நாலுலயும் முப்பத்தஞ்சு காட்டுதே."

தலை துவட்டிக்கொண்டிருந்த சார் துண்டை இறக்கினார்.

"அது... காத்து அடிக்கிற கடைக்காரன் அதிகமா அடிச்சிருப்பான்."

"நேத்து ராத்திரி நீங்க பம்பு வாங்கினதும் பார்த்தோமே, சரியா முப்பத்திரண்டு."

"புது மீட்டர்ம்மா. பழகணும்."

"டயரைத் தொட்டா கதகதன்னு இருக்குங்க."

"பூமிக்கு அடியில சூடு இருக்கு. பாடத்திலேயே வரும்."

"ஓ" என்றாள் அவள். அந்த 'ஓ' சாருக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த நாள் முதல் சார் உஷாரானார். பேக்கரியிலிருந்து திரும்பியதும் மூச்சு முட்டினாலும் பரவாயில்லை என்று குனிந்து, ஒவ்வொரு டயரிலும் வால்வைக் குச்சியால் அழுத்தி, 'ஸ்ஸ்' என்று கொஞ்சம் காற்றைத் திறந்துவிடுவார். இதற்கென்றே ரகசியமாக வாங்கிக் காரில் வைத்திருந்த சின்ன மீட்டர் முப்பத்திரண்டு காட்டும்வரை. பிறகு தண்ணீர் தெளித்துக்கொண்டு மாடியேறுவார். குனிந்து எழுந்ததில் உண்மையான வேர்வையும் கொஞ்சம் சேர்ந்தது.

"இன்னைக்கு எவ்வளவும்மா?"

"கச்சிதமா முப்பத்திரண்டுங்க."

"பார்த்தியா! மீட்டர் பழகிடுச்சு."

ஞாயிற்றுக்கிழமை பேக்கரி விடுமுறை. ஆகவே நடைக்கும் விடுமுறை. அன்று மத்தியானம் அவள் சாவகாசமாகக் கீழே போய்விட்டு வந்தாள்.

"என்னங்க, இன்னைக்கு நாலும் இருபத்தொன்பதுல நிக்குது."

"இறங்கியிருக்கும்."

"வாரம் பூரா இறங்காம ஞாயித்துக்கிழமை மட்டுமா இறங்கும்? அதுக்கும் லீவா?"

"காத்துன்னா அப்படித்தான். அதுக்கு ஒரு மனநிலை உண்டு."

"பிசிக்ஸ்லயா?"

"ம்."

அவள் மறுபடி கீழே போய்ப் பம்பை மிதித்து நான்கையும் முப்பத்திரண்டுக்குக் கொண்டுவந்தாள். திங்களன்று சார் மறுபடி திறந்துவிட்டார். இப்படியே வாரங்கள் ஓடின. சாரின் வயிறு ஏறியது, டயரின் வயிறு இறங்கியது. நசுங்கி ஓடிய டயர்களின் இரண்டு ஓரமும் தேய ஆரம்பித்தன. அவர் பாடத்தில் சொன்னதெல்லாம் அவர் வண்டியிலேயே நடந்தது. பாவம், கவனிக்கத்தான் அவருக்கு நேரமில்லை. கிரீம் பன் ஆறிவிடும்.

இப்படி ஒரு வெள்ளிக்கிழமை. கடைசி வாயை ரசித்து விழுங்கிவிட்டு வெளியே வந்த சார் அப்படியே நின்றார். முன்பக்க இடது டயர் சாலையோடு சப்பையாகக் கிடந்தது. முந்தின நாள் அவசரத்தில் வால்வு மூடியைத் திருப்பிப் போடாமல் இதே நடைச் சட்டையின் பைக்குள் போட்டிருந்தார். வால்வுக்குள் மணல் புகுந்து, காற்று கசிந்து கசிந்து போய்விட்டிருந்தது.

பம்பு வீட்டில். ஸ்டெப்னியை மாற்றலாம். ஆனால் அதற்குக் குனிய வேண்டும், ஜாக்கி எங்கே இருக்கிறதென்று தெரிய வேண்டும். தியரி ஆளுக்கு அதெல்லாம் தெரியாது.

"சார், ரொட்டி வேன் வர்ற நேரம். வாசலை அடைச்சுக்கிட்டு நிக்குதே" என்றார் முதலாளி.

"பத்து நிமிஷம். ஓடிப்போய் பம்பை எடுத்துட்டு வந்துடறேன்."

சார் சந்துவழியாக நடந்தார். நடந்தார் என்பதைவிட உருண்டார் எனலாம். வீட்டை அடைந்தபோது சட்டை முழுக்க வேர்வை, ஒரு சொட்டுகூடக் கலப்படமில்லாதது. பார்க்கிங்கில் ஸ்கூட்டர் இல்லை. அவள் வேலைக்குப் போய்விட்டாள்! காலியாகக் கிடந்த கார் இடத்தைப் பார்க்காமலா போயிருப்பாள் என்று நினைக்க அவருக்கு அப்போது மூச்சில்லை. மாடியேறினார். பம்பு வழக்கமான இடத்தில் இல்லை. பால்கனியில் இல்லை. கட்டிலுக்கு அடியிலும் இல்லை.

வெறும் கையோடு மறுபடி பாலம் தாண்டி நடந்தார். பஞ்சர் கடைக்காரரைக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று பேக்கரி வாசலுக்கு வந்தால், அங்கே ரொட்டி வேன் நின்றது. காரைக் காணோம்.

"என் வண்டி எங்கே?"

முதலாளி தட்டுகளைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "வண்டியா? எந்த வண்டி சார்?"

"என் கார்! இங்கதானே நின்னுது!"

"நீங்கதான் தினம் நடந்து வர்றவராச்சே?"

"விளையாடாதீங்க!"

"நான் வண்டியையே பார்க்கலையே சார்."

சொல்லிக்கொடுத்த பாடத்தை இவ்வளவு ஒழுங்காக ஒப்பித்தவனை எப்படித் திட்டுவது? போலீசுக்குப் போகலாம். போனால் என்ன எழுதிக் கொடுப்பது? வீட்டுக்கு அடியில் நிற்பதாகப் பெயர் பண்ணிக்கொண்டிருக்கும் கார், பாலத்துக்கு அப்பால் காணாமல் போனது என்றா?

மூன்றாவது முறையாக நடந்தார் சார். வழி நெடுக மன்னிப்பு வசனத்தை ஒத்திகை பார்த்தார். "ஒரே ஒரு நாள்தான்" என்று ஆரம்பிக்கலாமா, "முழங்கால்" என்று ஆரம்பிக்கலாமா? கடைசியில் காரே போன பிறகு சாவி எதற்கு, எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு விடுவது என்று முடிவு செய்து பார்க்கிங்குக்குள் நுழைந்தார்.

கார் அதன் இடத்தில் நின்றது. நான்கு டயரும் நிமிர்ந்து நின்றன. முன்பக்க இடது டயர் பக்கத்தில் அவர் மனைவி உட்கார்ந்து மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பம்பு அவள் காலடியில் இருந்தது.

"வாங்க. இன்னைக்கு நடை ரொம்ப நேரமோ?"

சார் சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"முப்பத்தஞ்சுங்க. தொட்டாலே கொதிக்குது. நிக்கிற வண்டி எப்படிங்க சூடாகும்? நீங்கதான் பிசிக்ஸ்."

"பூமிக்கு அடியில..." என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "உனக்கு எப்பத் தெரியும்?"

"தினம் சாப்பிட்டுட்டு வந்த ரீடிங். ஞாயித்துக்கிழமை மட்டும் வெறும் வயிறு. இதைப் படிக்கத் தெரியாமலா எனக்குச் சம்பளம் தர்றாங்க?" அவள் எழுந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "வேர்வையில வெண்ணெய் வாசனை வேற. விடியறதுக்குள்ள திறக்கிற பேக்கரி ஒண்ணுதான். அந்த முதலாளி மாசாமாசம் என்கிட்டதான் சர்க்கரை பார்க்க வர்றார். வேன் வந்துடுச்சு, டயர் சப்பையா கிடக்கு, பம்போட வந்து வண்டியை எடுங்கக்கான்னு அவர்தான் ஃபோன் பண்ணினார். நல்ல மனுஷன். உங்க பேரைச் சொல்லவே இல்லை. 'நடந்து வர்ற ஒரு சார்'னுதான் சொன்னார்."

"நீயா ஓட்டிட்டு வந்தே?"

"ஆணியில சாவி தொங்கிச்சே. கிளட்ச் நல்லாத்தாங்க இருக்கு. டயர்தான் ஓரமெல்லாம் தேஞ்சு போச்சு. மாத்தணும்."

அவள் கையை நீட்டினாள். ஊரே கை நீட்டுவது அவளிடம்; இப்போது அவளே நீட்டியதும் சார் சட்டைப் பையைத் துழாவினார். முதலில் வால்வு மூடி வந்தது. பிறகு மாற்றுச் சாவி வந்தது. இரண்டையும் அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"ஸ்கூட்டர் பேக்கரிக்குப் பின்பக்கம் நிக்குது" என்றாள். "சாயங்காலம் நடந்து போய் எடுத்துட்டு வந்துருங்க."

"நாலாவது தடவையா?"

"நாளையிலேருந்து ஒரே தடவைதான். வண்டியை எடுத்துட்டு முன்னாடியே போய் லேப் வாசல்ல நிறுத்தியிருப்பேன், நீங்க வர்றதுக்குள்ள ஆறியிருக்கும். நடந்தே வாங்க, வழியில எங்கேயும் நிக்காம. டயருக்கும் உங்களுக்கும் வெறும் வயித்துல ஒண்ணாவே பார்த்துடறேன்."