கீழ்வீட்டு லேசரும் மேல்வீட்டு மோட்டாரும்

படூர்

பாசத்துக்குரிய இத்ரீஸ் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நாங்கள் சுகம். பஹ்ரைன் வெயிலில் நீங்களும் சுகமாயிருக்க துஆ செய்கிறேன். சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர, உங்கள் தங்கை பதருன்னிசா என்னைச் சொந்த வீட்டில் கால் ஊன்ற விடுவதில்லை. நீங்கள் உடனே வந்து கீழ்வீட்டைக் காலி செய்ய வைக்க வேண்டும்.

கீழ்வீட்டுக்குக் குடிவந்திருப்பது பவானி என்ற ஆராய்ச்சிக்காரப் பெண். பொத்தேரியில் இருக்கிற அவள் ஆய்வகத்தில் ரயில் போனால் தரை அதிர்கிறதாம், லேசரை இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறாள். என்னம்மா வேலை என்றேன். சில மூலக்கூறுகள் இடது கை, வலது கை மாதிரி ஜோடியாக இருக்குமாம். இரண்டும் உறிஞ்சுகிற ஒளியின் நிறத்தில் இம்மியிலும் இம்மி வித்தியாசம் இருந்தே ஆகவேண்டும் என்று கணக்கு சொல்கிறதாம், ஆனால் இதுவரை ஒருவரும் கண்டதில்லையாம். "உங்க கடைச் செருப்பு மாதிரிதான் அங்கிள். இடதும் வலதும் ஒரே எடைதானா?" என்றாள். கேளம்பாக்கத்தில் செருப்புக்கடை வைத்திருப்பவனைக் கேட்கிற கேள்வியா இது? காலில் கிடந்ததையே கழற்றித் தராசில் வைத்தேன். இடதுதான் கனம்! ஓடிவந்து சொன்னேன். அவள் செருப்பைத் திருப்பி, அடியில் குத்தியிருந்த கல்லைப் பிடுங்கினாள். "எங்க தலைவலியும் இதான் அங்கிள். வித்தியாசம் வந்தா, நெசமா வந்துச்சா, கல்லு ஒட்டிகினு வந்துச்சான்னு பாக்கணும்."

அன்றைக்கே உங்கள் தங்கை கட்சி மாறிவிட்டாள். கிரைண்டர் கூடாது, மிக்ஸி கூடாது, லேசர் ஓடுகையில் தண்ணி மோட்டார் கூடவே கூடாது. சட்னியில்லாத இட்லிக்குப் பூனை நடை நடந்து போகிறேன். தும்மினால்கூட, "இன்னாங்க, அறிவு கீதா?" என்கிறாள்.

போன வாரம் கீழே ஒரே கூச்சல். வலது மூலக்கூறின் நிறம் நகர்ந்துவிட்டதாம்! பவானி அழுகிறாள், சிரிக்கிறாள், பதருன்னிசா சேமியா கிண்டிவிட்டாள். மறுநாள் சரிபார்க்க வரிசையை மாற்றி அளந்தால், இடது நகர்ந்தது. பவானி முகம் சுருங்கிவிட்டது. "மத்தியானம் எதை வெச்சாலும் நகருது ஆன்ட்டி. அந்நேரம் மேல இன்னா ஓடுது?"

லுஹர் தொழுகைக்கு முன்னால் குளிக்க வேண்டாமா மச்சான்? கொஞ்ச நேரம்தான் மோட்டார் போட்டேன். பவானி திட்டியிருந்தால் தேவலை, "பரவால்ல அங்கிள்" என்றாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. மறுநாளிலிருந்து பக்கத்து வீட்டுக் காசிநாதனிடம் குடத்தோடு போய் நிற்கிறேன்.

நேற்று பவானி அளந்து முடித்தாள். வித்தியாசமே தெரியவில்லையாம். துக்கம் விசாரிக்கப் போனால் ஜாங்கிரி நீட்டுகிறாள்! "இருந்தா இதவிட சின்னதாதான் இருக்கணும்னு தெரிஞ்சுபோச்சே அங்கிள்! இவ்ளோ துல்லியமா நாங்க அளந்ததே இல்ல!" வியாபாரம் ஆகாத நாளில் நான் கடை வாசலில் ஜாங்கிரி கொடுத்தால் ஊர் என்னை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும்? ஆகவே கிடைக்கிற முதல் விமானத்தில் ஏறிவிடுங்கள்.

வீட்டார் அனைவருக்கும் எங்கள் சலாம். உங்கள் பிழைப்பில் அல்லாஹ் பரக்கத்தைக் கொட்டட்டும்.

இப்படிக்கு,
மைத்துனன் நூர்முகமது

பி.கு.: டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். கனமான அணு உள்ள மூலக்கூறில் வித்தியாசம் பெரிதாகத் தெரியுமாம், பவானி இப்போதுதான் மேலே வந்து சொன்னாள். அவள் வாய் திறந்து கேட்கும் முன்பே வாடகை ஒப்பந்தத்தை நீட்டித்துக் கொடுத்துவிட்டேன். அளவு முடிகிற வரை இந்தப் பக்கம் வரவேண்டாம் மச்சான், தப்பாக நினைக்காதீர்கள். உங்கள் உடம்பு வாகுக்கு நீங்கள் மாடிப்படி ஏறினால், ஆராய்ச்சிக்கு ரயிலே தேவலை.