மரபணு அக்கிக்குச் சிங்கம் எழுதியவர்

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் ஷேர் ஆட்டோக்காரர்கள் இப்போது ஊர்ப் பெயர் சொல்லிக் கூவுவதில்லை.

"ஜீனு, ஜீனு, ஜீனு! ரெண்டு சீட்டு! ஏறு, ஏறு!"

எல்லா ஆட்டோவும் போய் நிற்கும் இடம் ஒன்றே. சாலையோரம் ஒரு தகரக் கொட்டகை. வாசலில் பேனர்: 'மரபணு அக்கி நீக்குமிடம்'. ஒரு பக்கம் முருகன், மறுபக்கம் மைக்ரோஸ்கோப். நடுவில், இரண்டையும் மிஞ்சிய உயரத்தில், ஜீன் சித்தர் பகலவன். காவி வேட்டி, அதன்மேல் டாக்டர் கோட். போன வருஷம்வரை தியாகதுருகத்தில் பழைய பைக் விற்றவர். கிலோமீட்டரைத் திருப்பி வைப்பதில் கைராசிக்காரர். இப்போது வம்சத்தையே திருப்பி வைக்கிறார்.

உடம்பில் அக்கிக் கொப்புளம் வந்தால், காவி மண்ணைக் குழைத்து அதன்மேல் சிங்கம் எழுதுவது இந்தப் பக்கத்து வழக்கம். அக்கி தானாக ஆறும். பெயர் சிங்கத்துக்குப் போகும். பகலவன் ஒருநாள் பேப்பரில் ஒரு துணுக்குப் படித்தார். அக்கியை உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸின் குடும்பத்தைச் சேர்ந்த இன்னொன்று, சிலருக்குப் பிறக்கும்போதே மரபணுவில் ஒட்டிக்கொண்டு வருகிறதாம். செய்தி உண்மை. அதுதான் கொடுமை. புளுகுகிறவனுக்கு ஒரு முழம் உண்மை கிடைத்தால் போதும், அதை வைத்துப் பந்தலே போட்டுவிடுவான்.

போட்டுவிட்டார். கல்வராயன் மலைக் காவியால் முதுகில், மரபணுப் படத்தில் இருப்பதுபோல ஒரு முறுக்கேணி. ஏணியில் ஏறும் சிங்கம். அதற்கு முன்னால் பரிசோதனை வேறு. வீட்டிலிருந்து உறையில் கொண்டுவரும் தலைமுடியை மஞ்சள் நிற மூலிகைத் தண்ணீரில் போட்டுக் குச்சியால் கலக்குவார். சிவந்தால் அக்கி இருக்கிறது, எழுத வேண்டும். சிவக்காவிட்டால், இனி வராமலிருக்க எழுத வேண்டும். சிங்கத்திடமிருந்து தப்பியவர் ஒருவருமில்லை.

இளவரசன் இங்கெல்லாம் போகிறவன் அல்ல. விலங்கியல் படித்தவன், உரக்கடையில் வேலை. மனைவி நிர்மலா போய்ப் பதினான்கு மாதம். பின்விளக்கு இல்லாமல் நின்ற கரும்பு டிராக்டர். அவன் அழவில்லை. சோறு தின்றான், கடைக்குப் போனான், வந்தான். ஆனால் நிர்மலாவின் தங்கை தனுஷாவின் கல்யாணம் இந்தக் கொட்டகையில் வந்து மாட்டிக்கொண்டது. மாப்பிள்ளையின் அம்மா ராணியம்மாள் வீடு தேடி வந்து கேட்டார்.

"தம்பி, மூத்தவளுக்கு ரத்தத்துல வைரஸ்னு புதுச்சேரி ஆஸ்பத்திரில சொன்னாங்களாமே? சின்னவளுக்கும் இருந்தா இன்னா பண்றது? சித்தர் பாத்துச் சொல்லட்டும். அப்புறம் பத்திரிகை அடிக்கலாம்."

"அவ டிராக்டர்ல மோதித்தாங்க செத்தா."

"அந்த ரோட்டுல எத்தினி பேரு போய்க்கினு வந்துக்கினு கீறாங்க? இவ மட்டும் ஏன் மோதணும்?"

ராணியம்மாள் போனதும் தனுஷா சொன்னாள். "மாமா, அந்த ஆளு இருக்குதுன்னு சொல்லிட்டா என் கல்யாணம் மட்டும் நிக்காது. அக்கா சாவையும் அந்த ஆளு தன் கணக்குல எழுதிக்குவான்."

"முடி நான் எடுத்துக்கினு வரேன்," என்றான் இளவரசன்.

ஞாயிற்றுக்கிழமை. கொட்டகையில் கால் வைக்க இடமில்லை. ராணியம்மாள் முன்வரிசையில். பக்கத்தில் தனுஷாவும், வெற்றிலை மென்றபடி அவள் அம்மா காசியம்மாளும். உறைமேல் தனுஷாவின் பெயர். பகலவன் முடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முனகினார். கண்ணாடிக் குழாயில் போட்டுக் கலக்கினார். மஞ்சள் தண்ணீர் ரத்தமாகச் சிவந்தது. கூட்டம் "ஐயோ" என்றது.

"ஏழு தலைமுறை. தாய் வழி. மூத்தவள இழுத்துக்கினு போனதும் இதுதான்."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க சாமி," என்றான் இளவரசன். "இந்த முடிக்கு அம்மா வழிதானா?"

"சந்தேகமா? முடியப் பாத்தாலே ஜீன் பேசுது எங்கிட்ட!"

இளவரசன் பையிலிருந்து ஒரு சவுரியை எடுத்து நீளமாகத் தொங்கவிட்டான். விலைச்சீட்டுகூட அவிழ்க்கவில்லை. "இதுலேருந்து உருவுன முடிதான். காலைல பேன்சி ஸ்டோர்ல வாங்கினேன். நைலான். இதுக்கு அம்மா யாருங்க சாமி?"

பின்னாலிருந்து ஒருவர் தீப்பெட்டி நீட்டினார். ஒரு இழையைக் கொளுத்தியதும் அது உருகிக் கறுப்பு மணியாகச் சுருண்டது. முடி கருகும் வாடையே இல்லை.

பகலவன் லேசில் விடுகிற ஆளா? "தலைல வெச்சா சவுரிக்கும் ஜீன் ஏறும்!"

கூட்டத்தில் பாதித் தலைகள் ஆடின. ஆமாம், ஆடின.

"நான் சவுரி வெச்சதே கெடையாது," என்றாள் தனுஷா.

காசியம்மாளுக்கு வேறு யோசனை. எழுந்து போய் அந்தக் குச்சியைப் பிடுங்கி நகத்தால் சுரண்டினார். வெள்ளையாக உதிர்ந்தது. தன் சுண்ணாம்பு டப்பாவைத் திறந்து ஒரு விரல் வழித்து அடுத்த குழாயில் கலக்கினார். முடியே போடாத தண்ணீர் அதே சிவப்பாகச் சிவந்தது.

"அடப்பாவி! மஞ்சத் தண்ணில சுண்ணாம்பு! எத்தினி கல்யாணத்துக்கு இந்தக் கையால ஆரத்தி கரைச்சிருக்கேன், எனக்கே தெரியாமப் பூட்டுச்சேடா!"

அங்கிருந்த பெண்கள் எல்லாருமே ஆரத்தி கரைத்தவர்கள்தான். தாம்பாளத்தில் இருந்தால் தெரிகிறது, கண்ணாடிக் குழாயில் ஊற்றினால் தெரியவில்லை. பகலவன் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பின்பக்கத் தகரத்தைத் தள்ளினார். அங்கே நின்றவர்கள் அவரை மரியாதையாக உள்ளே திருப்பி அனுப்பினார்கள், கழுத்தைப் பிடித்து.

ராணியம்மாள் நிம்மதியாக மூச்சு விட்டார். "அப்ப பொண்ணுக்கு வைரஸ் இல்லன்னு சொல்லு தம்பி."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் கல்யாணம் உறுதி. இளவரசன் சொல்லவில்லை.

"இருக்கலாங்க. நிர்மலாவுக்கு இருந்துச்சு. வேரோட புடுங்கின முடியில, நகத்துல எல்லாத்துலயும் பாத்து டாக்டரே சொன்னாரு. அப்பாகிட்டேருந்தோ அம்மாகிட்டேருந்தோ வரும். நூத்துல ஒருத்தருக்குக் கீதாம். ஜாஸ்திப் பேரு ஒண்ணும் ஆகாமத்தான் வாழறாங்க. நெஞ்சுவலிக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டான்னு இன்னும் ஆராய்ச்சி பண்ணிக்கினு கீறாங்க. தெரியாத டாக்டர் புதுசா தொத்தின வைரஸ்னு நெனச்சு மருந்த ஏத்திடுவாரு, அதான் சொல்லி வெக்கணும். ஆனா எந்த மருந்தும் இத எடுக்காது. எந்தச் சிங்கமும் எடுக்காது."

ராணியம்மாளின் முகம் மறுபடி இருண்டது. "எங்க வம்சத்துல அந்த மாதிரி கெடையாதுப்பா."

"பாத்திருக்கீங்களா அத்தை?" என்றாள் தனுஷா. "எனக்கும் பாக்கட்டும், உங்க புள்ளைக்கும் பாக்கட்டும். நெஜமான லேப்ல. அதுக்கு முன்னாடி உங்க முதுகுல கீற சிங்கத்தக் கழுவிட்டு வாங்க, ரவிக்கைல காவி ஏறிக்கினு கீது."

ராணியம்மாள் முதுகைத் தடவிப் பார்த்தார். விரலில் காவி. சுற்றியிருந்தவர்களும் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கொட்டகைக்குப் பின்னாலிருந்த குழாயடியில் வரிசை நின்றது.

அரைமணி நேரம் கழித்து, ஈர ரவிக்கையோடு ராணியம்மாள் திரும்பி வந்தார். தனுஷாவை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

"பேசத் தெரிஞ்ச பொண்ணாத்தான் கீறா. பத்திரிகை அடிச்சிடு தம்பி." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஜாதகத்த மட்டும் இன்னொருவாட்டி பாத்துடலாமா?"

அந்த வைரஸ் பரம்பரையாக வருவது நூறில் ஒருவருக்குத்தானாம். கண்ணை மூடிக்கொண்டு நம்பும் இந்த வியாதி மட்டும் எப்படி ஒருவர் பாக்கியில்லாமல் வந்து சேர்ந்தது? முதுகு கழுவியவர்கள், துவட்டும்போது கொஞ்சம் யோசியுங்கள்.