அணையாடைத் துறை

மழை கோபித்துக்கொண்டு போன திசையில் உலர்நாடு என்றொரு நாடு இருந்தது. அங்கே ஆறுகளைவிட அணைகள் அதிகம். ஆறு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அணை கட்டுவது கோழைகளின் வேலை என்று மன்னர் அசையாவர்மர் பட்டமேற்ற புதிதில் சொன்னது பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. அணைகளைக் கவனிக்க ஒரு துறை, அந்தத் துறைக்கு மதகுராயர் என்று ஓர் அமைச்சர், அவருக்குக் கீழே ஏகப்பட்ட பேர். தண்ணீர்தான் இல்லை. அதனால் அவர்கள் மதகுகளுக்கு எண்ணெய் போட்டுவிட்டுச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

மன்னரைப் பற்றி மக்களுக்கு ஒரு பெருமை உண்டு. அவர் அரியணையை விட்டு எழுந்திருப்பதே இல்லை. கொடியேற்றம் ஆனாலும் சரி, தூதர் வந்தாலும் சரி, உட்கார்ந்தபடியேதான். அப்படி ஓர் உழைப்பு என்று ஊர் வியந்தது. சபையில் எந்நேரமும் சாம்பிராணிப் புகை மூட்டமாக இருக்கும். அது அவருடைய பக்தி என்றார்கள்.

தலைநகரத்தின் கீழைத் தெருவில் வடிவாம்பாள் குடியிருந்தாள். அவள் கணவர் தெய்வநாயகம் எல்லைச் சாவடியில் வண்டிகளை நிறுத்தி வரி வாங்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். வாய் ஓயாத மனிதர். வயது ஏறியதும் அவருக்குச் சிறுநீர் கட்டுப்படாமல் போயிற்று. தும்மினால் போகும், சிரித்தால் போகும், சும்மா இருந்தாலும் போகும். சிரிக்காமல் இருக்க அவரால் முடியாது என்பதுதான் பெரிய சிக்கல்.

அதற்கு அந்த நாட்டில் வழி இருந்தது. முந்தைய மன்னர் காலத்திலிருந்தே முதியவர்களுக்கு அரசுப் பண்டசாலையில் அணையாடை கொடுத்துவந்தார்கள். பஞ்சு வைத்துத் தைத்த, இடுப்பில் கட்டிக்கொள்ளும் ஆடை. அதைக் கட்டிக்கொண்டு தெய்வநாயகம் தினமும் சாயங்காலம் சந்தை முனை டீக்கடைக்குப் போவார். பெஞ்சில் அவருக்கென்று ஓர் ஓரம். அவரைப் போலவே ஆடை கட்டிய நாலைந்து பேர் வந்து சேர, இருட்டும் வரை அரட்டை ஓடும். திரும்பி வரும்போது முகம் தெளிவாக இருக்கும். அந்த முகத்துக்காகவே வடிவாம்பாள் மாதாமாதம் பண்டசாலை வரிசையில் கால் கடுக்க நின்றாள்.

பிறகு கஜானா காலியாயிற்று. அணைகளுக்கெல்லாம் பொன்விழா எடுத்தால் காலியாகாமல் என்ன செய்யும்? சிக்கனம் செய்தாக வேண்டும், எங்கே செய்வது என்று சபையில் யோசித்தார்கள். விழாவைக் குறைக்கலாம் என்று சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. எல்லோருடைய கண்ணும் மெல்ல முதியவர்களின் இடுப்பை நோக்கிப் போயிற்று.

ஆனால் அணையாடை எந்தத் துறைக்கு உரியது என்பதில் தகராறு வந்தது. அரண்மனைப் புலவரை அழைத்தார்கள்.

“சொல்லுக்குப் பொருள் பல, மாமன்னா,” என்று புலவர் தொண்டையைச் செருமினார். “அணைதல் என்றால் தீ அணைதல். அணையா ஆடை என்று பிரித்தால், எரிந்துகொண்டே இருக்கும் ஆடை எனப் பொருள்படும். அவ்வாறாயின் இது தீயணைப்புத் துறைக்கு உரியது.”

தீயணைப்பு அமைச்சர் தலையைக் குனிந்துகொண்டார்.

“அணைத்தல் என்றால் தழுவுதல் என்றும் பொருள். உடலைத் தழுவிக் காப்பதால் அணையாடை.”

“தழுவுவதற்கு நம் நாட்டில் துறை ஏதும் இல்லை,” என்றார் தலைமைச் செயலர். “அந்தப் பொருளை நீக்கிவிடலாம்.”

நீக்கிவிட்டார்கள்.

“அணை என்றால் இருக்கை என்றும் ஒரு பொருள் உண்டு. அரியணை என்கிறோமே, அதிலும்...”

மன்னரின் முகம் வெளுத்துப் போனதைப் புலவர் பார்த்தார். மீதியை விழுங்கிவிட்டு, “ஆயினும் அணை என்றதும் மக்கள் நினைவுக்கு வருவது நீர் தேக்கும் அணையே!” என்று முடித்தார்.

சபை கைதட்டியது. மதகுராயருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவருடைய துறைக்குத் தண்ணீர் வந்துவிட்டது அல்லவா?

“மாமன்னா! என் அணைகளில் ஒரு சொட்டும் வீணாக விடமாட்டேன்,” என்று அவர் வாளை உருவிச் சபதம் செய்தார்.

முதல் ஆணை அந்த வாரமே வந்தது. எந்த அணையும் முழுக் கொள்ளளவை எட்டும் முன் மாற்றப்படலாகாது. தெருவுக்கு ஒரு நீர்மட்ட ஆய்வாளர் வந்து, வீடு வீடாகப் புகுந்து, கிழவர்களை நிற்கவைத்துக் குச்சியால் தட்டிப் பார்த்தார். “இன்னும் பாதிதான் நிரம்பியிருக்கிறது. நாளை வரை தாங்கும்,” என்று எழுதிவிட்டுப் போனார். தெய்வநாயகத்துக்குத் தொடை இடுக்கெல்லாம் புண்ணாயிற்று. வடிவாம்பாள் தேங்காயெண்ணெய் தடவிவிட்டாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, “சாவடியில என்கிட்ட மாட்டுன வண்டிக்காரன் சாபமெல்லாம் இப்பத்தான் ஒண்ணொண்ணா வந்து சேருது வடிவு,” என்று சிரித்தார். சிரித்ததும் நனைந்தது. ஆய்வாளர் எழுதிப் போன கணக்கு கெட்டது.

இரண்டாம் ஆணை முறைத் திறப்பு. வயலுக்கு முறைவைத்துத் தண்ணீர் விடுவதுபோல, கீழைத் தெருவுக்குக் காலை, மேலைத் தெருவுக்கு மாலை. முரசு அடித்தால் போகலாம். முரசு அடிக்காமல் போனால் உடைப்பு என்று கருதி அபராதம். முதல் நாள் மதகுராயரே வந்து ரிப்பன் வெட்டி, பூத்தூவி, கீழைத் தெருவுக்கான திறப்பைத் தொடங்கிவைத்தார். வரிசையாக உட்கார்ந்திருந்த முதியவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் கீழைத் தெருவின் முறை இல்லை என்பதால் தெய்வநாயகம் டீக்கடைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார்.

மூன்றாவதாக வந்தது ஆணைகூட இல்லை, அறிவுரைதான். “வரத்து குறைந்தால் வெளியேற்றம் குறையும். இது அணை நிர்வாகத்தின் பால பாடம்,” என்று மதகுராயர் ஊர் ஊராகப் பேசினார். குறைவாக அணையாடை வாங்கும் வீட்டுக்கு மன்னர் கையாலேயே பொன்னாடை என்றும் அறிவித்தார்.

அதற்குப் பிறகு வடிவாம்பாளின் வீட்டில் ஓர் அதிசயம் நடந்தது. அணையாடை மிச்சமாக ஆரம்பித்தது.

“ஏங்க, காலையில கட்டுனது இன்னும் காஞ்சே கெடக்கு! நாள் பூராவும் ஒண்ணே தாங்கிருச்சே!”

“நான்தான் சொன்னேன்ல, உடம்பு தேறிக்கிட்டு வருது.”

“இப்படியே போனா அந்த மதகுராயர் வேலைய உங்களுக்கே குடுத்துருவாங்க போங்க.”

அவர் பதிலுக்குச் சிரித்தார். சத்தமில்லாமல் சிரித்தார். உதடு வெடித்திருந்தது. காற்று அப்படி, வெயில் அப்படி என்று அவள் வெண்ணெய் தடவினாள். டீ வேண்டாம் என்றார், நாக்குக்குப் பிடிக்கவில்லையாம். அவள் வைத்துவிட்டுப் போகும் சொம்புத் தண்ணீர் மட்டும் ஒழுங்காகக் காலியாயிற்று. அவளுக்கு நிம்மதி. மிச்சமான அணையாடைகளை மடித்துப் பரணில் அடுக்கிவைத்து, அந்த அடுக்கை அடிக்கடி நிமிர்ந்து பார்த்துக்கொண்டாள். பார்க்கும்போதெல்லாம் மனசு நிறைந்தது. ஊரெல்லாம் செடிகொடி கருகியிருந்த கோடையில், அவர் கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னலோரம் இருந்த கறிவேப்பிலைச் செடி மட்டும் கொழுகொழுவென்று தழைத்தது. தன் கைராசி என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஒருநாள் காய்ச்சல் வந்தது. வைத்தியர் வந்து வயிற்றை அழுத்திப் பார்த்து, கண் இமையை விலக்கிப் பார்த்து, “ஆச்சி, இவர் தண்ணி குடிச்சு எத்தனை நாளாச்சு? உள்ள எல்லாம் காஞ்சு போச்சே,” என்றார். வடிவாம்பாள் சொம்பைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். கறிவேப்பிலை அடியில் மண் ஈரமாக இருந்தது.

“ஏன் இப்படிச் செஞ்சீங்க?” என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“நீ வரிசையில நிக்கிற. கால் வீங்கிப் போய் வர்ற,” என்றார் அவர். “மிச்சமாகுதுன்னதும் உன் மூஞ்சி எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா.”

அதற்குமேல் அவர் அதிகம் பேசவில்லை. வாய் ஓயாத மனிதர் வாய் வறண்டு போய்ச் சேர்ந்தார்.

காரியம் முடிந்து சில நாட்களில் அணைத் துறையிலிருந்து ஒரு சேவகன் வந்தான். கடந்த மாதம் அவள் வீட்டில் ஓர் அணையாடைகூட வாங்கவில்லையாம். நாட்டிலேயே முதல் பரிசு அவளுக்காம்.

“அவரு செத்துட்டாருப்பா.”

“இருக்கலாம், தாயே. காரணத்தை எங்கள் துறை ஆராய்வதில்லை,” என்றான் சேவகன்.

போகக் கூடாது என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். பிறகு டீக்கடை பெஞ்சு நினைவுக்கு வந்தது. அந்த நாலைந்து பேரில் இருவர் படுத்துவிட்டார்கள். மற்றவர்களின் உதடும் வெடித்திருந்தது. மன்னரிடம் ஒரு வார்த்தை நேரில் சொல்லிவிட வேண்டும். துணியைக் கொடுங்கள், அவர்கள் தண்ணீர் குடிக்கட்டும். இந்த ஒரு வார்த்தையைச் சொல்லவே வெள்ளைச் சேலை உடுத்திக்கொண்டு அரண்மனைக்குப் போனாள்.

சபை நிறைந்திருந்தது. “சிக்கனச் செம்மல் வடிவாம்பாள்!” என்று மதகுராயர் முழங்கினார். “வெளியேற்றம் பூஜ்யம்! நம் துறையின் வரலாற்றில் உடைப்பே இல்லாத ஒரே அணை!”

மன்னர் உட்கார்ந்தபடியே பொன்னாடையை நீட்டினார். அவள் படியேறிப் போய்க் குனிந்தாள். சாம்பிராணிப் புகைக்குள் அவள் மூக்குக்கு மிகப் பழகிய ஒரு வாடை வந்தது. நிமிர்ந்து பார்த்தாள். மன்னரின் உதடு வெடித்திருந்தது. முழங்கால்கள் ஒன்றோடொன்று இறுகியிருந்தன. பக்கத்தில் பொற்குவளை நிறையத் தண்ணீர், தொடாமல் இருந்தது. தன் வீட்டுக் கட்டிலைப் பார்ப்பதுபோல அவளுக்கு இருந்தது. சொல்ல வந்ததை விட்டுவிட்டு இன்னும் கிட்டே குனிந்தாள்.

“எத்தன நாளா ராசா?” என்று காதோடு கேட்டாள்.

மன்னர் சபையைப் பார்த்தார். உதடு அசையாமல் சொன்னார். “பட்டமேற்ற மூன்றாம் வருஷத்திலிருந்து. எழுந்தால் தெரிந்துவிடும், அம்மா. அதனால்தான் எழுந்திருப்பதில்லை.”

வடிவாம்பாளுக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அழுகைதான் வந்தது. தோளில் விழுந்த பொன்னாடையை எடுத்து, இரண்டு கைகளாலும் அந்த மனிதரின் இடுப்பைச் சுற்றி வளைத்து, கணவருக்குக் கட்டிவிடுவதுபோல இறுக்கிக் கட்டினாள். குவளையை எடுத்து வாயில் வைத்தாள். “மொதல்ல குடிங்க.”

மன்னர் குடித்தார். கடகடவென்று குடித்தார். பிறகு எழுந்து நின்றார். அவர் இவ்வளவு உயரம் என்பதே பலருக்கு அன்றுதான் தெரிந்தது.

“இப்பச் சொல்லுங்க ராசா,” என்றாள் அவள். “எனக்கும் அப்படித்தான்னு ஒரு வார்த்த சொல்லுங்க. வெக்கம் போயிரும். ஊரே தண்ணி குடிச்சுக்கும்.”

மன்னர் வாயைத் திறந்தார். சொல்லத்தான் போனார், இன்றுவரை அவள் அப்படித்தான் நம்புகிறாள். ஆனால் மதகுராயர் முந்திக்கொண்டார்.

“புதிய அரச உடை!” என்று அலறினார். “இடுப்பில் பொன்னாடை! எத்தகைய எளிமை! எத்தகைய வீரம்!”

வாழ்க கோஷம் கூரையைப் பிளந்தது. மன்னர் திறந்த வாயால் புன்னகை செய்தார். பிறகு மெதுவாக உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் தண்டோரா போட்டார்கள். அமைச்சர் முதல் ஆய்வாளர் வரை அனைவரும் இனி இடுப்பில் பொன்னாடை கட்ட வேண்டும். நல்ல தடிமனாக, உள்ளே பஞ்சு வைத்து, கஜானா செலவில். அந்தச் செலவை ஈடுகட்டும் பொருட்டு முதியோருக்கான அணையாடை அடியோடு நிறுத்தப்படுகிறது. இப்போது அந்த நாட்டில் ஒரு நாற்காலியும் காலியாவதில்லை. இடுப்பில் பொன்னாடை ஏறியவர் ஏன் எழுந்திருப்பதில்லை என்று மக்கள் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். தத்துவம், தியாகம், தேசபக்தி என்று என்னென்னவோ சொல்கிறார்கள்.

வடிவாம்பாள் எதுவும் சொல்வதில்லை. பரணில் இருந்த அடுக்கை இறக்கி டீக்கடை பெஞ்சுக்காரர்களுக்குப் பகிர்ந்து கொடுத்தாள். அது தீர்ந்ததும் தன் பழைய சேலைகளைக் கிழித்து மடித்துத் தைத்தாள். சாயங்காலமானால் ஒரு குடம் தண்ணீரோடு பெஞ்சுக்குப் போகிறாள். வேண்டாம் ஆச்சி, வேண்டாம் என்று அவர்கள் முகத்தைத் திருப்புவார்கள். அவள் டம்ளரை விடாமல் நீட்டிக்கொண்டு அதட்டுவாள்.

“குடிங்கங்கிறேன்! நனைஞ்சா நனையட்டும். நான் தொவச்சுத் தர்றேன்.”

அவர்கள் குடிக்கிறார்கள். ஒவ்வொரு நாளும் இதைச் சொல்லி முடித்ததும் அவள் கொஞ்ச நேரம், யாரும் உட்காராமல் விட்டிருக்கும் அந்தப் பெஞ்சின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். இதை அவரிடம் வீட்டிலேயே ஒரு தரம் சொல்லியிருக்கலாம்.