நின்ற காருக்குப் பத்தொன்பது கிலோமீட்டர்

"நேத்து காரை எடுத்துட்டு எங்க போனே?"

பசியாறலுக்குத் தோசை வார்த்துக்கொண்டிருந்த உம்மு சல்மா திரும்பிப் பார்த்தாள்.

"காரா? அது நின்ன இடத்துலதான நிக்குது?"

அப்துல் கையூம் கைப்பேசியை மனைவியின் முகத்துக்கு நேரே நீட்டினார். பத்தொன்பது கிலோமீட்டர் கூடியிருந்தது.

விஷயம் இதுதான். வருடத்துக்கு எட்டாயிரம் கிலோமீட்டருக்குள் ஓட்டினால் அடுத்த வருட இன்ஷூரன்ஸ் பணத்தில் நானூறு வெள்ளி குறைப்பதாகச் சொல்லி, கம்பெனிக்காரர்கள் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி கொடுத்திருந்தார்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒட்டிவிட்டால் போதும், ஓடிய தூரம் செயற்கைக்கோள் வழியாகக் கைப்பேசியில் வந்து விழும். வருடம் முடிய மூன்று வாரம் இருக்கும்போது கையூமுக்கு மீதி இருந்தது நூற்றெண்பது கிலோமீட்டர்தான். நானூறு வெள்ளியை விடுகிற ஆளா அவர்? ஆங் மோ கியோ வீட்டுக்குப் பக்கத்திலிருந்த அடுக்குமாடிக் கார் நிறுத்தத்தில் காரைப் போட்டார். கார் துடைக்கும் பூவம்மா உள்ளே வெளியே எல்லாம் துடைத்து முடித்ததும், பின் சீட்டிலேயே குடியிருந்த தோள்பையை எடுத்துக்கொண்டு கதவைப் பூட்டினார். மறுநாளிலிருந்து தேக்காவில் இருக்கும் தன் துணிக்கடைக்குப் பஸ்ஸில் போய்வந்தார்.

அதன்பிறகுதான் கார் ஓட ஆரம்பித்தது.

"நான் எடுக்கலைங்க, அல்லா மேல ஆணையா!"

ஆணையிடுகிறவர்களைக் கையூம் கடையிலேயே நம்புவதில்லை. இரண்டு சாவிகளையும் தோள்பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார். மாலையில் பார்த்தால் இன்னொரு பத்தொன்பது.

கள்ளச்சாவி போட்டிருக்கிறாள்!

திங்கட்கிழமை கடை விடுமுறை. அவர் வீட்டிலேயே கிடந்தார். எண் அசையவே இல்லை.

"நான் வீட்ல இருந்தா மட்டும் கார் நிக்குது, பாத்தியா?"

"நீங்க வீட்ல இருந்தா எனக்கும்தான் எதுவும் ஓட மாட்டேங்குது. போங்க லா!"

அவர் சிரிக்கவில்லை. மறுநாள் கடையில் துணி வெட்டக் கோடு போடும் சாக்குக்கட்டியை எடுத்து வந்து, நான்கு டயரைச் சுற்றியும் தரையில் கோடு போட்டார். காலையில் கோட்டைக் காணோம். கார் வெளியே போய்த் திரும்பியதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? மூன்று நாள் கோடு போட்டார், மூன்று நாளும் அழிந்தது. அதற்குள் ஏழு பத்தொன்பது போயிருந்தது, மீதி நாற்பத்தேழு கிலோமீட்டர்.

அன்று காலை சல்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கிளம்பினாள்.

"பூன் லேக்குப் போறேங்க. மர்யம் லாத்தாவுக்கு முட்டிவலி. எம்ஆர்டில போய்ட்டு வந்துடுறேன்."

அக்காவுக்கு முட்டிவலியாம்! கையூம் கடைக்கு லீவு விட்டு, தோள்பையை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனார். ஸ்டேஷன் கூட்டத்தில் அவளைத் தவறவிட்டார். விட்டுவிடுவாரா? ரயிலேறி பூன் லேக்குப் போய், மர்யம் வீட்டு அடுக்குமாடி புளோக்கின் கீழே தூணுக்குப் பின்னால் இரண்டு மணி நேரம் நின்றார். சல்மா லிஃப்டிலிருந்து வெளியே வந்ததும் தலையைக் குனிந்துகொண்டு அவளுக்கு முந்தி வீடு திரும்பினார்.

கைப்பேசியைப் பார்த்தார். ஐம்பத்திரண்டு! மொத்தம் எட்டாயிரத்து ஐந்து. நானூறு வெள்ளி போயே போய்விட்டது.

சல்மா செருப்பைக் கழற்றும் முன்பே கத்தினார். "பூன் லே போய்ட்டு வர எவ்ளோ தூரம் தெரியுமா? ஐம்பத்திரண்டு! கார் எவ்ளோ ஓடியிருக்கு தெரியுமா? ஐம்பத்திரண்டு!"

சல்மாவின் கண் நிறைந்துவிட்டது. "முப்பது வருஷமா கூட இருக்கேன். ஒரு டப்பா சொல்றதை நம்புறீங்க, நான் சொல்றதை நம்ப மாட்டேங்குறீங்க."

கையூமுக்கு ஒரு கணம் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் ஐம்பத்திரண்டு ஐம்பத்திரண்டுதானே. அவளைக் கார் நிறுத்தத்துக்கு அழைத்துப் போனார். அங்கே பூவம்மா அவருடைய டயருக்குத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"பாய், யாரோ தினம் உங்க காரைச் சுத்திக் கிறுக்கி வைக்கிறாங்க. தேச்சுத் தேச்சு என் கை போச்சு."

கையூம் ஒரு விநாடி திகைத்தார். பிறகு, "கோடு போகட்டும், பெட்டி பொய் சொல்லாது!" என்று கதவைத் திறந்து ஸ்டியரிங்குக்குக் கீழே கையை விட்டார். தடவினார். குனிந்து பார்த்தார். வெறும் பசைதான் இருந்தது.

"அல்லா! பெட்டியையே கழட்டிட்டாங்க!"

"அந்தச் சின்னக் கறுப்புப் பெட்டியா பாய்?" என்று பூவம்மா துணியைப் பிழிந்துகொண்டே கேட்டாள். "அன்னைக்கு உள்ளே தொடைக்கிறப்போ பிஞ்சு விழுந்துச்சு. தொலைஞ்சிடக் கூடாதேன்னு நான்தான் பத்திரமா உங்க தோள்பையில போட்டு வச்சேன்."