தூத்துக்குடி மெத்தை

புகுந்த வீட்டில் ஒரு விஷயம் புரியவில்லை என்றால் பெண்ணுக்கு இரண்டு வழிதான். வாயைத் திறந்து கேட்கலாம். இல்லையென்றால், 'இந்த ஊர் வழக்கம் போல' என்று தலையை ஆட்டிவிட்டுப் போகலாம். நான் தலையாட்டுகிற ரகம். தூத்துக்குடியிலிருந்து வாக்கப்பட்டு கோவில்பட்டிக்கு வந்த புதிதில் நான் ஆட்டிய ஆட்டத்துக்கு எனக்குக் கழுத்துச் சுளுக்கு வராமல் போனது அந்தக் கடவுள் செயல்.

தொண்ணூறுகளின் கடைசி. வைகாசி வெயிலுக்கு நடுவில் அதிசயமாக ஒரு கோடை மழை பெய்து ஓய்ந்திருந்தது. என் நாத்தனார் சாந்தி மதினிக்கு நிறைமாதம். கயத்தாற்றிலிருந்து மதினியைப் பிரசவத்துக்கு அழைத்துவர என் மாமியார் விடிந்ததும் கிளம்பினார். மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். கிளம்பும்போது வாசலில் நின்று அத்தை வேலை சொன்னார்.

"ஏட்டி ஜெயா, மழைக்கு மண்ணு நல்லா எளகிக் கெடக்கு. புறவாசல்ல அவரையும் பீர்க்கும் ஊனிரு. பொறவு, அந்தச் சாக்குல பருத்தி இருக்கு. என் பழைய நூல் சேலை ரெண்டையும் மடிச்சு வச்சிருக்கேன். பிள்ளைக்கு ஒரு சின்ன மெத்தை தச்சு வையி. ஒனக்கென்ன, தையல்காரி!"

இந்தத் தையல்காரிப் பட்டம் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். பெண் பார்க்க வந்த அன்று என் அம்மா, "சமையல் போகப்போகப் பழகிரும், ஆனா தையல்ல பிள்ளை கெட்டிக்காரி" என்று சொல்லிவைத்தார். நான் வாழ்க்கையில் தைத்தது பள்ளிக்கூடத்தில் ஒரு கைக்குட்டை. அதில் ஒரு ரோஜாப்பூ. அதையும் டீச்சர் தக்காளி என்று நினைத்து மார்க் போட்டார். ஆனால் அத்தை அந்தப் பேச்சை நம்பி, எங்கள் தெரு முழுக்கவும், கயத்தாற்றுச் சம்பந்தி வரைக்கும் பெருமை அடித்திருந்தார். அந்த வீட்டில் எனக்கிருந்த ஒரே மரியாதை அந்தத் தையல்தான். அன்றைக்கு மெத்தை சொதப்பினால் அதுவும் காலி.

முதலில் தோட்ட வேலை. ஈரக் கரிசலில் கால் வைத்ததும் மண் செருப்போடு ஒட்டிக்கொண்டது. பத்து எட்டு நடப்பதற்குள் நான் என் வீட்டுக்காரர் உயரத்துக்கு வளர்ந்துவிட்டேன். (அவர் அன்று லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர். முக்கியமான நாட்களில் அவர் எப்போதும் வெளியூர்தான்.) குழி தோண்டி, விதை போட்டு, தெருவிலிருந்து எருவை அள்ளிவரப் புறவாசல் தகரக் கதவைத் திறந்தேன். அதைத் திரும்பச் சாத்தினேனா என்று இன்றுவரை எல்லோரும் கேட்கிறார்கள். சாத்தவில்லை.

கை காலைக் கழுவிக்கொண்டு வராந்தாவில் பாய் விரித்து உட்கார்ந்தேன். காற்று சிலுசிலுவென்று வந்தது. ரேடியோவில் பாட்டு. பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய சேலைதான் சரி என்பது எனக்கும் தெரியும். ஒரு சேலையை மடித்து விரித்தேன். ஓரத்துக்குக் கலர் கலராக ஒட்டுத்துணி வெட்டி வைத்தேன். 'அடடா, இவ்வளவுதானா தையல்' என்று என்மேல் எனக்கே மரியாதை வந்தது. அப்புறம்தான் சாக்கைத் திறந்தேன்.

உள்ளே பஞ்சு இருந்தது. பஞ்சுக்குள் ஏதோ கடினமாகக் கையில் தட்டுப்பட்டது. ஒன்றில் இருக்கும் என்று பார்த்தால் எல்லாவற்றிலும் இருந்தது. காட்டிலிருந்து எடுத்த பருத்திக்குள் கொட்டை இருக்கும், அதைப் பிரித்தெடுத்தால்தான் பஞ்சு என்பது கரிசக்காட்டில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். நான் கண்டதெல்லாம் மருந்துக்கடையில் நீலத்தாள் சுற்றி விற்கிற பஞ்சு. 'ஏன் இதை எடுக்காமல் கொடுத்திருக்கிறார்?' என்று யோசித்தேன். வழக்கம் போல ஒரு பதிலும் கிடைத்தது: பிள்ளைக்கு முதுகு உரம் பெறுவதற்காக இருக்கும். கரிசக்காட்டு ஆட்கள் உறுதியானவர்கள் என்று சும்மாவா சொல்கிறார்கள்!

திணித்துத் தைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுச் செல்லத்தாய் அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"என்னட்டி செய்யுத?"

"மெத்தை தைக்கேன்க்கா."

அக்கா சாக்கைப் பார்த்தார். மெத்தையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "கொட்டையோடயா?"

அந்த 'யா'வில் ஏதோ வில்லங்கம் இருப்பது எனக்குப் புரிந்தது. என்ன வில்லங்கம் என்பதுதான் புரியவில்லை. தையல்காரி தடுமாறலாமா?

"ஆமாக்கா, கொட்டையோடதான்."

"தூத்துக்குடிப் பக்கம் அப்படித்தான் தைப்பாவளா?"

"எங்க பக்கம் எல்லாருமே இப்படித்தான்க்கா."

அக்கா "ஓகோ" என்று பெரிய மரியாதையோடு தலையாட்டிவிட்டு உள்ளே போனார். அவரும் என் ரகம்தான் என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஊசி கொட்டையில் குத்தி முறிந்தது. வேறு ஊசி கோத்தேன். அதுவும் முறிந்தது. எப்படியோ கட்டம் கட்டமாகத் தைத்து முடித்துவிட்டேன்.

மதியம் கார் வந்தது. அத்தை, சாந்தி மதினி, மதினியின் மாமியாரான கயத்தாற்று அம்மா மூவரும் இறங்கினார்கள். தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதும் என் மாமனாரும் சாப்பாட்டுக்கு வந்துவிட்டார். உட்காரக்கூட இல்லை, அத்தை பெருமையாக மெத்தையைக் கொண்டுவந்து வராந்தாக் கட்டிலில் விரித்தார். "எங்க மருமவ கையால தச்சது."

கயத்தாற்று அம்மா மெத்தையில் கையை வைத்து அழுத்தினார். எடுத்தார். திரும்ப அழுத்தினார். அத்தையும் அழுத்திப் பார்த்தார். அத்தையின் முகம் போன போக்கைப் பார்த்து நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

சுவருக்கு மேலிருந்து செல்லத்தாய் அக்கா கைகொடுத்தார். "அது தூத்துக்குடி வழக்கமாம்லா! அங்கன அப்படித்தான் தைப்பாவளாம்."

"அப்படியா?" என்றார் கயத்தாற்று அம்மா. சம்பந்தி வீட்டில் வந்த அன்றே குறை சொல்லக் கூடாதே. "கடக்கரை ஊருல்லா. உப்புக்காத்துக்குப் பிள்ளை உடம்பு உரமா இருக்கணும்னு போடுவாவ போல."

"ஆமாமா, அவிய பக்கம் அப்படித்தான்" என்றார் அத்தை, என்னை முறைத்தபடி.

மதினி மட்டும் கொஞ்சம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "ஆத்தி!" என்று எழுந்துவிட்டார். "இதுலயா என் பிள்ளைய போடணும்?"

"கொஞ்ச நேரம் வெயில்ல கெடந்தா மெத்துனு ஆயிரும் மதினி" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி, மெத்தையைப் புறவாசல் கொடியில் கொண்டுபோய்ப் போட்டேன்.

சாப்பிட உட்கார்ந்தோம். குழம்பு ஊற்றும்போது புறவாசலில் டர்ரென்று ஒரு சத்தம். ஓடினேன். திறந்து கிடந்த தகரக் கதவு வழியாகச் செல்லத்தாய் அக்காவின் பசு உள்ளே வந்து, நான் காலையில் விதை ஊன்றிய குழிகளில் நாலு காலையும் வைத்துக்கொண்டு மெத்தையைத் தின்றுகொண்டிருந்தது.

நான் ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன். அது மறுமுனையை விடவில்லை. நான் "அத்தை" என்றேன். அது "ம்மா" என்றது. அடுத்த இழுப்பில் சேலை நெடுகக் கிழிந்து, நான் சேற்றில் உட்கார, பருத்தி ஊரெல்லாம் பறந்தது. கரிசலில் வெள்ளை வெள்ளையாகச் சிதறியதை அந்தப் பசு ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றது.

செல்லத்தாய் அக்கா தலைதெறிக்க ஓடி வந்தார். "பாவி மாடே! பருத்திக்கொட்டை வாசம் புடிச்சு வந்திருக்கே!"

கயத்தாற்று அம்மா அதுவரை காத்த மரியாதை அங்கேயே உடைந்தது. "ஏட்டி, ஒங்க ஊர்ல மாட்டுக்குத் தீவனத்தை மெத்தை தச்சா வைப்பாவ?"

அத்தை என் முன்னால் வந்து நின்றார். "கொட்டைய எடுத்துட்டுல்லா தைக்கணும். ஒனக்குத் தெரியாதா?"

"தெரியாது அத்தை."

"பொறவு ஏன்ட்டி கேக்கல?"

"இங்க இப்படித்தான் போலன்னு நெனச்சேன்."

"நாங்க அங்க அப்படித்தான் போலன்னுல்லா நெனச்சோம்!"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பட்டம் போயிற்று, மானமும் போயிற்று, சேலையெல்லாம் சேறு. அப்போது மதினி சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் சிரித்த சிரிப்பில் கயத்தாற்று அம்மா பயந்துபோய், "வண்டியத் திருப்பச் சொல்லுங்க, ஆசுபத்திரிக்குப் போவணும்" என்று கத்தினார். வலியில்லை, சிரிப்புதான் என்று மதினி கையை ஆட்டினார்.

இத்தனைக்கும் நடுவில் மாமா, அதாவது என் மாமனார், சோற்றுக் கையோடு வாசற்படியில் நின்று எதையோ தீவிரமாக யோசித்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்போ... நீ ரசத்துல வெல்லம் போடுதியே, அது?"

"புளி கூடிப்போச்சு மாமா. அதான்..."

"தெனமுமா?"

"தெனமும் கூடிப்போவுது மாமா."

மாமா தொண்டையைக் கனைத்தார். "காப்பி?"

"அது... நான் போட்டா அப்படித்தான் வருது."

மாமா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "நான் ஒங்க ஊரு வழக்கம்னுல்லா இத்தனை நாளும் குடிச்சேன்" என்றார், ஏமாந்த குரலில்.

மெத்தை பிற்பாடு ஒழுங்காகத் தைக்கப்பட்டது, செல்லத்தாய் அக்கா கையால். கொட்டை எடுக்கும் வேலை மட்டும் எனக்கு. அந்த மெத்தையில் படுத்து வளர்ந்த மதினியின் மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். எங்கள் வீட்டுக்கு வந்தால் தட்டைப் பார்த்து, "அத்தை, இது வழக்கமா, தப்பா?" என்று கேட்டுவிட்டுத்தான் கை வைப்பாள். கல்யாண வீடுகளில் உறவுக்காரர்கள் என்னைப் பிறருக்கு அறிமுகம் செய்வதே, "மாட்டுக்கு மெத்தை தச்சாள்லா, அவதான்" என்று.

மாமாவுக்கு வயதாகிவிட்டது. காது மந்தம், நாக்கு மட்டும் மந்தமாகவில்லை. தினமும் காலையில் நான் நீட்டுகிற டம்ளரை வாங்கி, உள்ளே எட்டிப் பார்த்து, "இது எந்த ஊரு வழக்கம்மா?" என்பார்.

"இந்த வீட்டு வழக்கம் மாமா."

மறுபேச்சுப் பேசாமல் குடித்துவிடுவார்.