துருக்கி நானா தைத்த சப்பாத்து

பொகவந்தலாவைக் கடைவீதியில் சப்பாத்துத் தைத்துக்கொண்டே துருக்கி ராஜ்யத்தின் வெளிநாட்டு விவகாரங்களையும் கவனித்துவந்த ஒரே மனிதர் எங்கள் துருக்கி நானாதான். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் ஊரில் நானா என்போம்; அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. ஹட்டனைத் தாண்டி அவர் எங்கும் போனதில்லை.

அட்டை கிழிந்த புத்தகம் ஒன்று வைத்திருந்தார். நூறு வருடத்துக்கு முன் ஒரு சுல்தான் கப்பலேறி ஐரோப்பா போய் ராஜாக்களோடு விருந்துண்ட கதை அதில் இருந்தது. தைக்கக் கொடுத்த சப்பாத்தைக் கேட்டால் அந்தப் புத்தகத்தைத்தான் எடுப்பார்.

"நானா, போன கிழமையே தாரேன்னு சொன்னீங்களே?"

"சுல்தான் இன்னும் பாரிசுக்கே போய்ச் சேரலைங்க. லண்டனும் பாத்துட்டுத் திரும்பட்டும்."

துரை பங்களாச் சமையல்காரர் பூட்சோடு வந்து அவசரப்படுத்தியபோதும் அவர் அசையவில்லை. "துருக்கி அரமனைக்குத் தூதர் வந்தா, காப்பி குடிச்சப்புறந்தான் விஷயம் பேசணும். உக்காருங்க" என்று பால் விடாத பிளேன்டீயை நீட்டினார். சமையல்காரர் மூன்று கோப்பை குடித்துவிட்டு, தைக்காத பூட்சைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனார்.

நாங்கள் பெரிய புளுகு என்று சிரித்தது வேறொன்று. அந்நிய மண்ணை மிதிப்பது சுல்தானுக்கு ஆகாதாம். சொந்த ஊர் மண்ணைச் சப்பாத்துக்குள் பரப்பிக்கொண்டுதான் போனாராம்.

அறுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் குடும்பத்தின் இலங்கைப் பிரஜாவுரிமை விண்ணப்பம் தள்ளுபடியானது. தேயிலைத் தோட்டத்துக் கூலிவரிசை வீடான லயத்தில் பிறந்தவன் நான். தாத்தாவின் ஊர் என்று, கண்ணால் பார்த்திராத திருச்சிக்குப் புறப்படவேண்டும். இருந்த ஒரே சப்பாத்தும் பிய்ந்திருந்தது. வியாழக்கிழமை பயணம், செவ்வாய்க்கிழமை நானாவிடம் கொடுத்தேன். கிடைக்காது என்றே நினைத்தேன்.

மறுநாளே அவர் தைத்த சப்பாத்தோடு லயத்துக்கு ஏறி வந்தார். சுல்தானைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அம்மா கொடுத்த பிளேன்டீயைக் குடித்து முடித்த பிறகுதான் வாய் திறந்தார்.

"கொஞ்சம் உறுத்தும். கழட்டிப் போட்டுறாதீங்க."

கொஞ்சமா? தலைமன்னாரில் கப்பலேறும் முன்பே குதிகால் கொப்பளித்துவிட்டது. அரைகுறையாகத் தைத்த மனுஷனை வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனேன்.

இரண்டு மாதத்தில் அடித்தோல் விட்டது. திருச்சியில் செருப்புத் தைப்பவர் பிரித்துப் பார்த்தார்.

"என்னங்க, உள்ள பூரா மண்ணாக் கெடக்கு? கொட்டிரவா?"

குனிந்து பார்த்தேன். இரண்டு தோலுக்கு நடுவே எங்கள் தோட்டத்து மண். அதில் காய்ந்த தேயிலைக் கொழுந்து ஒன்று. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அழுகை வந்துவிட்டது.

"அப்படியே தச்சுக் குடுங்க."

'துருக்கி நானா, சப்பாத்துக்கடை, பொகவந்தலாவை' என்று முகவரி எழுதி ஒரு தபால் போட்டேன். இன்னும் உறுத்துகிறது, கழற்றவில்லை என்று மட்டும் எழுதினேன்.