மார்க்கர் அண்ணையின் மலையும் பாலைவனமும்

டென்மார்க்கில் இறுக்கப்பட்ட நட்டுகளில் பாதி மார்க்கர் அண்ணை இறுக்கியவை. மற்றப் பாதியை அவர் நம்புவதில்லை.

பிராண்டேயில் காற்றாலை செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவரும் நானும் ஒரே பிரிவில் வேலை செய்கிறோம். அங்கே ஒரு நட்டை இறுக்கியதும், அதன் மேலிருந்து பக்கத்து இரும்பு வரை மார்க்கரால் ஒரு கோடு போடவேண்டும். பின்னாளில் நட்டு அசைந்தால் கோடு விலகும், பார்த்தவுடன் தெரிந்துவிடும். நாங்கள் மார்க்கரை மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போவோம். அண்ணை சொந்தமாக ஒரு மஞ்சள் மார்க்கர் வாங்கிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார். அவர் வீட்டுக் கட்டில் காலிலும் பிரஷர் குக்கர் கைப்பிடியிலும் மஞ்சள் கோடு உண்டு. ஒருமுறை தேவாலயத்தில் பூசை நடக்கும்போது முன்வாங்கின் திருகாணியை அவர் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிறு அதிலும் கோடு இருந்தது.

இப்படிப்பட்டவர் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார். குளிர்காலம் முழுவதும் கராஜில் அதைக் கழற்றிப் பூட்டினார். வெயில் வந்தபோது வண்டியின் சொந்த நிறம் என்னவென்று சொல்வது கடினமாக இருந்தது.

அவருடைய மனைவியை நாங்கள் அக்கா என்போம். முதியோர் இல்லத்தில் வேலை. விழுந்து இடுப்பெலும்பு முறித்தவர்களோடு நாள் முழுக்கப் பழகுவதால் அவருக்கு இரண்டு சக்கரங்களில் நம்பிக்கை இல்லை. அண்ணையோ, யாரோ ஒரு தம்பதி மோட்டார் சைக்கிளில் பனிமலையும் பாலைவனமுமாகச் சுற்றும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, இதெல்லாம் இங்கேயும் உண்டு என்று வாயை விட்டிருந்தார். அக்கா அதைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப காட்டுங்கோ. சனி ஞாயிறு வாறன். பயமில்லாமல் வீட்டை வந்து சேர்ந்தால் வண்டி நிக்கட்டும். இல்லாட்டி திங்கக்கிழமை வித்துப்போடுங்கோ."

இருவர் போகும் பயணம்தான். ஆனால் சோற்றுப் பார்சல், கட்லெட், தேத்தண்ணிப் பிளாஸ்க், மழைச்சட்டை, விரித்து உட்காரப் பாய் எல்லாம் மோட்டார் சைக்கிளில் ஏறாது. எங்கள் ஆட்கள் சாண்ட்விச் தின்று ஊர் பார்ப்பவர்கள் அல்லர். ஆகவே பின்னால் ஒரு கார். அதில் நான்.

சனிக்கிழமை காலை அக்கா ஏறி உட்கார்ந்ததும், அண்ணை குனிந்து அவருடைய சப்பாத்தையும் கால் வைக்கும் கம்பியையும் சேர்த்து ஒரு கோடு இழுத்தார்.

"நானும் நட்டோ?"

"கால் வழுக்கினால் தெரியோணுமல்லோ."

வழியில் கண்ட பெட்ரோல் நிலையங்களிலெல்லாம் நிறுத்தி, வண்டியைச் சுற்றிவந்து கோடுகளைப் பார்த்தார். அக்கா பின்னால் இருந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணை ஒருமுறைகூட அதை முடிக்க விடவில்லை. சைக்கிளில் போன வயதான டேனிஷ் தம்பதி ஒன்று எங்களை இரண்டு தடவை முந்தியது. இரண்டாம் தடவை கையும் காட்டியது.

மலை என்பது ஹிமல்பியர். பெயருக்கு வானமலை என்று பொருள். டேனிஷ்காரர் பெயர் வைப்பதில் தாராளமானவர்கள். வாகனங்கள் நிறுத்துமிடம் கிட்டத்தட்ட உச்சியிலேயே இருக்கிறது. அக்கா ஹெல்மெட்டைக் கழற்றிச் சுற்றிலும் பார்த்தார்.

"மலை எங்கை?"

"நாங்கள் அதுக்கு மேலதான் நிக்கிறம்," என்றார் அண்ணை.

அக்கா காலடியைப் பார்த்தார். பிறகு பாயை விரிக்கச் சொன்னார்.

அன்றிரவு ஓல்போர்க்கில் அக்காவின் சிநேகிதி வீட்டில் தங்கினோம். ஞாயிறு நாட்டின் வடமுனைக்குப் போனோம். அங்கே இருக்கும் பாலைவனம் ரோபியர் மீலே என்ற பெரிய மணல்மேடு. அண்ணை அதை உயர் பாலைவனம் என்றார். ஏறினால் மூச்சு வாங்குகிற அளவுக்கு உயரம்தான். மணல் வெளியில் எங்களைத் தவிர ஒரு நாயும் அதன் சொந்தக்காரரும் இருந்தார்கள்.

காற்றில் அந்த மேடு வருடாவருடம் கிழக்கே நகர்கிறது என்று அறிவிப்புப் பலகையில் எழுதியிருந்தது. அண்ணைக்கு அது பொறுக்கவில்லை. இவ்வளவு பெரிய பொருள் அசைகிறது, ஒருவரும் கவனிக்கவில்லை. குதிக்காலால் மணலில் நீளக் கோடு ஒன்று கிழித்துவிட்டுக் காவல் நின்றார். நாங்கள் கட்லெட் தின்று முடிப்பதற்குள் காற்று அதை அழித்துவிட்டது. அக்கா புரைக்கேறும்வரை சிரித்தார். அந்தப் பயணத்தில் அவர் சிரித்தது அப்போதுதான். வண்டி தப்பிவிட்டது என்று நான் நினைத்தேன்.

இறங்கி வந்து பார்த்தால் வண்டி விழுந்து கிடந்தது.

நிழலுக்காக அதை ஓரத்தில் விட்டிருந்தார். ஓரம் முழுக்க மணல். ஒற்றைக்கால் ஸ்டாண்ட் மெல்லப் புதைந்து வண்டி சாய்ந்திருக்கிறது. பக்கக் கண்ணாடி ஒன்று உடைந்து, கிளச் பிடி கொஞ்சம் வளைந்திருந்தது. கோடுகளில் ஒன்றுகூட விலகவில்லை. நட்டு ஒன்று தவறியிருந்தால் அண்ணைக்குச் சொல்ல ஏதாவது இருந்திருக்கும். தவறியது நிலம்.

அக்கா வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். "அக்கா, காரிலை வாங்கோ," என்று முன்கதவைத் திறந்தேன். அவர் ஏறினால் வண்டியின் கதை முடிந்தது என்பது மூவருக்கும் தெரியும்.

"நிலத்தைப் பாக்கேல்லை நான்," என்றார் அண்ணை, யாருக்கென்றில்லாமல். "திங்கக்கிழமை வித்துப்போடுறன்."

"ஆர் விக்கச் சொன்னது?"

"நீர்தானே சொன்னனீர். வண்டி விழுந்துபோச்சு."

"வண்டிதானே விழுந்தது. நான் விழுந்தனானோ?" அக்கா ஹெல்மெட்டை மாட்டினார். "எனக்குப் பயம் வரேல்லை. நிண்டு நிண்டு வந்ததிலை அலுப்புத்தான் வந்தது. பிடியுங்கோ, தூக்குவம்."

நோயாளிகளைத் தூக்கிப் பழகிய கைகள். வண்டி ஒரே மூச்சில் நிமிர்ந்தது. எனக்கு அதில் வேலை இருக்கவில்லை. அண்ணை வண்டியை உதைத்துக் கிளப்பிப் பார்த்தார், ஓடியது. அக்கா பின்னால் ஏறி உட்கார்ந்த பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, குறை நினையாதையும். அடுத்தமுறை நீர் வரவேண்டாம்."

குறை நினைக்கவில்லை. பெருஞ்சாலைக்கு ஏறும் சந்தியில் அவர்கள் தெற்கே திரும்பினார்கள். எனக்கும் அதுதான் வழி. நான் கடற்கரைப் பாதையால் சுற்றிக்கொண்டு போனேன்.